ஹாலந்தின் தெருக்கள்: ஒரு தீர்மானத்தின் சரித்திரம்

மோட்டார் வண்டியின் ஆதிக்கத்தினின்று நகரங்களை விடுவிக்க வேண்டும் என்று யாரேனும் பேசத் தொடங்கினால், அப்பேச்சு சிறிது நேரத்திற்குள் நெதர்லாந்தை எட்டிவிடுவதும், எட்டியவுடனே, "அது சமதளமான தேசம், அங்குள்ள ஜனங்கள் பரம்பரையாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், அவர்களுக்கு ஒத்துவரும், மற்றவர்களுக்கு ஒத்துவராது" என்ற மறுமொழியால் அது முடித்துவைக்கப்படுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த மறுமொழி, சரித்திரத்தின் முன் நிறுத்திப் பார்த்தால் நிலைப்பதில்லை. சமதளமே சைக்கிளை வளர்க்கும் என்றால், சென்னைப் பட்டணமும் தஞ்சைத் தரணியும் இதற்குள் உலகத்துக்கு வழிகாட்டியிருக்க வேண்டும். நெதர்லாந்தின் பூமி 1970-ஆம் ஆண்டிலும் இன்றிருப்பது போலவே தட்டையாகத்தான் கிடந்தது. ஆயினும் அந்த ஆண்டில் அந்நாட்டு நகரங்கள் கார்களுக்கு இடம் தேடித் தம்முடைய தெருக்களையும் வீடுகளையும் இடித்துக்கொண்டிருந்தன. அந்த நிலைமையிலிருந்து அவை மீண்டு வந்ததற்குக் காரணம் இயற்கையும் அன்று, பழக்கமும் அன்று. பெற்றோர்களும் நகரசபை உறுப்பினர்களும் எஞ்சினீயர்களும் சட்டம் வகுத்தவர்களும், பலத்த எதிர்ப்புக்கிடையே, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்த தீர்மானங்களே காரணம் என்பது என் துணிபு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சைக்கிள் அந்நாட்டில் ஏழை, செல்வர் என்ற பேதமின்றி எல்லோருக்கும் உரிய வாகனமாக இருந்தது உண்மையே. ஆனால் இரண்டாம் உலக யுத்தத்தின் அழிவிலிருந்து தேசம் எழுந்து, கூலியும் சம்பளமும் உயர்ந்து, சாமானியக் குடும்பமும் கார் வாங்கலாம் என்ற காலம் பிறந்தபோது, சைக்கிள் போன தலைமுறையின் பொருளாகவும், கார் முன்னேற்றத்தின் அடையாளமாகவும் கருதப்படலாயின. 1960-இல் சுமார் 5 லட்சமாக இருந்த கார்களின் தொகை பத்தே ஆண்டுகளில் சுமார் 25 லட்சமாகப் பெருகிற்று. 1883-இல் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் சங்கமாகத் தோன்றிய ஏ.என்.டபிள்யூ.பி. என்ற ஸ்தாபனமே, இக்காலத்துக்குள் கார் வைத்திருப்போரின் பெருஞ்சங்கமாக உருமாறிவிட்டிருந்தது. ஊர்ச் சதுக்கங்கள் கார்கள் நிற்கும் கொட்டகைகளாயின, நடைபாதைகள் குறுகின, குழந்தைகள் விளையாடிய தெரு, குழந்தைகள் கடப்பதற்கே அஞ்சும் தெருவாயிற்று.

அந்நாளைய அறிஞர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் நகரத்துத் திட்டங்கள் சாட்சி. 1954-இல் அந்நகரத்துப் போலீஸ் தலைமை அதிகாரியான காஸ்யாகர், வாகன நெருக்கடிக்குப் பரிகாரமாக, பதினேழாம் நூற்றாண்டின் புகழுக்குரிய கால்வாய்கள் பலவற்றைத் தூர்த்துச் சாலைகளாகவும் கார் நிறுத்தும் இடங்களாகவும் ஆக்கிவிடலாம் என்று யோசனை கூறினார். ஜனங்கள் கொதித்தெழுந்தமையால் அது கைவிடப்பட்டது. ஆயினும் அதற்குப் பின்னிருந்த எண்ணம் மறையவில்லை. 1967-இல் டேவிட் யோகினென் என்ற அமெரிக்கப் போக்குவரத்து நிபுணர், தொழிலாளர் குடியிருப்புகளை இடித்து நகரின் நடுப்பகுதி வரையில் ஆறு தடங்கள் கொண்ட நெடுஞ்சாலை அமைக்க வேண்டும் என்று ஒரு திட்டத்தை வெளியிட்டார். அத்திட்டம் நிறைவேறாவிடினும், பழைய யூதக் குடியிருப்பின் ஊடே அகன்ற சாலை ஒன்றை வெட்டும் வேறொரு திட்டம் நெடுந்தூரம் முன்னேறிவிட்டது. யுத்தகாலத்தில் தன் மக்களைக் கொலைக்களங்களுக்குப் பறிகொடுத்த அப்பகுதியின் வீடுகள் இடிபட்டுக்கொண்டிருந்தபோது, 1972-இல் நகரசபை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அச்சாலையை நிராகரித்தது. அதே பகுதியில் சுரங்க ரயிலுக்காக வீடுகளை இடிப்பதை எதிர்த்து 1975-இல் நியூமார்க்ட் சதுக்கத்தருகே பெருங்கலவரம் மூண்டது. பொதுப் போக்குவரத்து என்ற நல்ல காரியத்துக்காகவே ஆனாலும் குடியிருப்பவர்களைக் கேளாமல் குடியிருப்பை இடிக்கலாகாது என்ற பாடத்தை அக்கலவரம் ஆட்சியாளருக்குப் புகட்டிற்று. ஏனைய சுரங்கப் பாதைகள் நெடுங்காலம் ஒத்திவைக்கப்பட்டன. உட்ரெக்ட் நகரமோ அவ்வளவு தப்பவில்லை. இடைக்காலத்திலிருந்து நகரைச் சுற்றி ஓடிய அகழியின் மேற்குப் பகுதி 1970-களின் தொடக்கத்தில் வற்றடிக்கப்பட்டு, நீர் நின்ற பள்ளத்திலேயே மோட்டார் சாலை போடப்பட்டது.

இவையெல்லாம் கட்டடங்களுக்கு நேர்ந்த கதி. மனிதர்களுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடிது. 1971-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 1.3 கோடி ஜனத்தொகை கொண்ட அச்சிறு தேசத்தின் சாலைகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பள்ளிக்குச் செல்லும் வழியிலும் வீட்டு வாசலிலும் மடிந்த இக்குழந்தைகளை, ஒரு தேசம் முன்னேற்றத்துக்குச் செலுத்த வேண்டிய விலை என்று சொல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த ஏற்பைக் குலைத்தவர், தம் மகளைச் சாலை விபத்தில் பறிகொடுத்த ஒரு தகப்பனார். டி டைட் என்ற பத்திரிகையின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த விக் லாங்கன்ஹாஃப், 1972 செப்டம்பரில் தம் பத்திரிகையில் எழுதிய கட்டுரையின் தலைப்பு, குழந்தைக் கொலையை நிறுத்துக என்பது. தனிமனிதர் துக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடியதை அவர் அரசியல் விஷயமாக்கினார். அக்கட்டுரையின் தலைப்பையே பெயராகக் கொண்டு ஓர் இயக்கம் தோன்றியது; அதன் முதல் தலைவியான மார்ட்யே வான் புட்டன், கைக்குழந்தையோடிருந்த இளந்தாய்; பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் உறுப்பினரானவர்.

அவ்வியக்கத்தார் கையாண்ட முறைகளைச் சற்றே விரிவாகக் கூறுவது தகும். ஏனெனில் அவை சாமானியர் செய்யக்கூடியவை. விபத்துகள் மிகுதியாக நிகழும் இடங்களில் அவர்கள் கூட்டமாக நின்று போக்குவரத்தை மறித்தார்கள். ஒரு தெருவை ஒருநாள் அடைத்து, நடுவில் மேஜை போட்டு உண்டு, குழந்தைகளை விளையாட விட்டார்கள். பிரதம மந்திரி யோப் டென் அய்ல் வீட்டுக்கு வாத்தியத்தோடு சைக்கிளில் போய், வாசற்கூடத்தில் பாடி, குழந்தைகளுக்குப் பாதுகாப்பான தெருக்கள் வேண்டும் என்று விண்ணப்பித்தார்கள்; அவரும் வெளியே வந்து கேட்டார். குழந்தைகளும் சும்மா இருக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் டி பைப் என்ற நெருக்கமான தொழிலாளர் குடியிருப்பின் பள்ளிப் பிள்ளைகள், தங்கள் தெருவில் விளையாட இடம் கேட்டுக் கையெழுத்துத் திரட்டியதையும், தெருவைத் தடுப்பு வைத்து அடைத்ததையும், அதனால் கார்க்காரர்கள் சினந்ததையும் 1972-இல் தொலைக்காட்சி படம் பிடித்துக் காட்டிற்று. தங்கள் சௌகரியத்துக்கு இடையூறு என்று பெரியவர்கள் பிள்ளைகள்மேல் சீறும் காட்சியை நாடு முழுவதும் கண்டது. 1975-இல் சைக்கிள்காரர்களுக்கென்று தனியே ஒரு சங்கமும் ஏற்பட்டு, எந்தத் தெருவில் எந்தத் திருப்பம் ஆபத்தானது என்று வரைபடம் தயாரித்து நகரசபைகளின் முன் வைக்கத் தொடங்கியது. கோபத்தோடு நின்றுவிடாமல் விவரத்தோடும் வந்தார்கள் என்பதே இந்த இயக்கங்களின் பலம் என்று நான் கருதுகிறேன்.

இதற்கிடையே 1973-இல் அரபு நாடுகள் பெட்ரோலை மறுத்தன. நெதர்லாந்து அரசாங்கம் அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதைத் தடை செய்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தார்கள், சைக்கிள் விட்டார்கள், குதிரை வண்டி ஓட்டினார்கள். எண்ணெய்த் தட்டுப்பாடே டச்சு நகரங்களை மாற்றிற்று என்று சிலர் எழுதுவதுண்டு, அது மிகை. அதே தட்டுப்பாடு ஐரோப்பாவின் மற்ற நாடுகளையும் வாட்டிற்று. அவற்றுள் பலவற்றில் பெட்ரோல் திரும்பியவுடன் பழைய வாழ்க்கையும் திரும்பிவிட்டது. நெதர்லாந்திலோ, அந்த ஞாயிறுகளில் கண்ட தெருவை வாரம் முழுவதும் கேட்பதற்கு ஓர் இயக்கம் ஏற்கெனவே தயாராக நின்றது.

கேட்டவர்களுக்குக் கொடுப்பதற்கு முறைகளும் சித்தமாக இருந்தன. டெல்ஃப்ட் நகரத்தில் யோஸ்ட் வால் என்ற எஞ்சினீயர், 1960-களின் இறுதியிலேயே, குடியிருப்புத் தெருக்களில் நடைபாதைக்கும் வண்டிப் பாதைக்கும் உள்ள மேடுபள்ளத்தை நீக்கி, செங்கல் பரப்பி, மரங்களையும் இருக்கைகளையும் வண்டி நேராகப் பாய முடியாதபடி இடம்மாற்றி வைக்கும் சோதனைகளைச் செய்திருந்தார். வூனெர்ஃப் எனப்படும் இத்தகைய தெருவில் கார் நுழையலாம். ஆனால் நடக்கிறவன் வேகத்திலேதான் செல்ல வேண்டும். தெரு முழுவதும் நடக்கிறவனுக்கும் விளையாடும் குழந்தைக்கும் உரியது. 1976-இல் இதற்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது.

ஆனால் இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது வடகோடியிலுள்ள க்ரோனிங்கன் என்ற பல்கலைக்கழக நகரம் செய்த காரியம். அந்நகரத்து இடதுசாரி நிர்வாகத்தில் இருபது வயதுகளிலேயே பொறுப்பேற்ற மாக்ஸ் வான் டென் பெர்க், நகர மையத்தின் ஊடே கார்கள் புகுந்து மறுபுறம் வெளியேறுவதுதான் நோயின் மூலம் என்று கண்டார். அங்கே ஓடிய கார்களுள் பல, மையத்தில் எந்த வேலையும் இல்லாமல், குறுக்கு வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்தின. இதற்கு மேம்பாலமோ சுரங்கமோ அவர் கேட்கவில்லை. மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் கார் நேரே செல்ல முடியாது. வந்த வழியே வெளிவட்டச் சாலைக்குத் திரும்பி, சுற்றிவந்து, அடுத்த பகுதிக்குரிய வாயிலின் வழியே நுழைய வேண்டும். நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் அந்தத் தடை கிடையாது. வயலில் நீர் பாய்ச்சுகிறவன் ஒரு மடையை அடைத்து மற்றொன்றைத் திறந்து, மண்ணை அதிகம் வெட்டாமலே நீரின் போக்கை மாற்றிவிடுவது போல, சில தடுப்புகளாலும் அறிவிப்புப் பலகைகளாலும் ஒரு நகரத்தின் பிரயாண வழக்கத்தையே மாற்ற முனைந்தார். 1977 செப்டம்பர் 19-ஆம் தேதி பொழுது விடிந்தபோது க்ரோனிங்கன் நகரத்தார் புதிய ஏற்பாட்டைக் கண்டார்கள். அன்று முதல், அருகிலுள்ள இடங்களுக்கு இடையே சைக்கிள் நேர்வழியாகவும் கார் சுற்றுவழியாகவும் ஆயின. கார் வைத்திருப்பவனை யாரும் கண்டிக்கவில்லை. அவனுடைய காருக்கு வரி கூட்டவில்லை. ஒரு மைல் தூரத்துக்குக் காரை எடுப்பது புத்திசாலித்தனம் ஆகாதபடி தெரு அமைந்துவிட்டது, அவ்வளவே.

வியாபாரிகளின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. கார் வராத தெருவுக்கு வாடிக்கைக்காரர் எப்படி வருவார், கடையை மூட வேண்டியதுதான் என்று அவர்கள் அஞ்சியதைக் குறைவாக மதிப்பிடலாகாது. முதலீடு செய்தவனுக்கு அச்சம் இயல்பு. ஆயினும் மறுசாட்சி அந்நாட்டிலேயே இருந்தது. ஜெர்மானியக் குண்டுவீச்சில் 1940-இல் அழிந்த ராட்டர்டாம் நகரத்தில், 1953-இலேயே லைன்பான் என்ற கடைவீதி நடப்பவர்களுக்கு மட்டும் என்று புதிதாகக் கட்டப்பட்டு, உலகத்து நகர நிர்மாணிகளெல்லாம் வந்து பார்க்கும் அளவுக்குச் செழித்திருந்தது. கடையில் பொருள் வாங்குவது கார் அன்று, அதிலிருந்து இறங்கும் மனிதன். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள்கள் நிற்கலாம் என்றால், எது அதிக வாடிக்கையைக் கொணரும் என்பதற்கு நீண்ட கணக்குத் தேவையில்லை. க்ரோனிங்கன் பின்வாங்கவில்லை. 1990-களில் நகரத்துப் பூங்கா ஒன்றின் ஊடே செல்லும் சாலையைக் கார்களுக்கு மூடலாமா என்று பொது வாக்கெடுப்பு நடத்தி, மிகச் சொற்பமான பெரும்பான்மையில் மூடிவிட்டார்கள். இன்று அந்நகருக்குள் நடைபெறும் பிரயாணங்களில் பாதிக்கு மேல் சைக்கிளில் நிகழ்கின்றன. அதுவும் மழையும் வடகாற்றும் மிகுந்த ஊரில்.

சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், ஒரு டச்சுத் தெருமுனையைக் கூர்ந்து நோக்க வேண்டும். பெரிய சாலையிலிருந்து சிறு தெரு பிரியும் இடத்தில், பிற நாடுகளில் பெரும்பாலும் நடைபாதை முடிந்துபோகிறது. நடப்பவன் இறங்கி, வண்டி வருகிறதா என்று பார்த்து, ஓடிக் கடந்து மறுபடி ஏற வேண்டும். அங்கேயோ நடைபாதையும், சிவப்பு நிறத் தார் பூசிய சைக்கிள் பாதையும் அதே உயரத்தில் அறுபடாமல் செல்கின்றன; சிறு தெருவுக்குள் திரும்பும் கார்தான் வேகம் தணிந்து, சரிவான கல்லின்மேல் ஏறி, அவற்றைக் கடந்து இறங்க வேண்டியதாகிறது. அந்த ஒரு கல்லின் சரிவில், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற கேள்விக்கு விடை எழுதப்பட்டிருக்கிறது. அதைக் காக்கப் போலீஸ்காரர் நிற்க வேண்டுவதில்லை. மனிதன் தவறு செய்யக்கூடியவன், ஆகையால் அவன் தவறு மரணத்தில் முடியாதபடி சாலையை அமைக்க வேண்டும் என்ற கொள்கையை 1990-களில் அரசாங்கமே மேற்கொண்டு, குடியிருப்புத் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் வரம்பை விஸ்தரித்தது.

சட்டமும் இவ்வழியே நின்றது. 1994-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185-ஆம் பிரிவும் அதையொட்டி எழுந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும், நடப்பவர் அல்லது சைக்கிளில் செல்பவர்மீது மோதிய மோட்டார் வண்டியின் சொந்தக்காரர்மேல் நஷ்டஈட்டுப் பொறுப்பைச் சுமத்துகின்றன. பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையாயின், குழந்தை கவனமின்றி ஓடியது என்ற சமாதானம் ஏற்கப்படாமல், முழு ஈட்டையும் கொடுக்க வேண்டும். கார்க்காரன் எப்போதும் குற்றவாளி என்று இதற்குப் பொருள் கொள்வோர் உளர், அது பிசகு. தண்டனைச் சட்டம் இதில் சம்பந்தப்படவில்லை. ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பைத் தெருவில் ஓட்டிவரும் உரிமையைப் பெற்றவன், அதனால் விளையும் அபாயத்தின் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நியாயமே அதன் அடிப்படை. நான் அறிந்த போக்குவரத்துச் சட்டங்களுள் இத்துணை மனிதத்தன்மை வாய்ந்தது வேறில்லை.

சைக்கிளை மட்டும் பேசி ரயிலை மறப்பது இந்தச் சரித்திரத்தைப் பாதியில் நிறுத்துவதாகும். சைக்கிள் நாலைந்து மைலுக்கு உகந்தது; அதற்கு அப்பாலுள்ள தூரத்தை ரயில் ஏற்றுக்கொண்டாலன்றிக் காரைத் துறக்க ஒருவராலும் இயலாது. அந்நாட்டு ரயில் பிரயாணிகளுள் பாதியை நெருங்குவோர் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் வருகிறார்கள். உட்ரெக்ட் ஸ்டேஷனுக்கு அடியில் 2019-இல் முழுமை பெற்ற மூன்றடுக்கு நிலையத்தில் 12,500 சைக்கிள்கள் நிற்கலாம். ஏறியபடியே உள்ளே ஓட்டிச் சென்று, காலியிடத்தைக் காட்டும் விளக்கைப் பார்த்து வண்டியைச் செருகிவிட்டு, படியேறினால் பிளாட்பாரம். இறங்கும் ஊரில் வாடகைச் சைக்கிள் எடுப்பதற்கு 2003 முதல் ஏற்பாடு இருக்கிறது. உட்ரெக்ட் ஸ்டேஷனுக்கு எதிரேதான் அகழியை வற்றடித்துப் போட்ட மோட்டார் சாலை கிடந்தது. 2002-இல் நகரத்தார் வாக்களித்து, சாலையை அகற்றி நீரைத் திரும்பக் கொணர்வதென்று முடிவு செய்தார்கள். வேலை பதினெட்டு ஆண்டுகள் பிடித்து, 2020 செப்டம்பரில் அகழி மீண்டும் நகரைச் சுற்றிலும் இணைந்தது.

கார்களை ஒழித்துவிட்ட தேசம் என்று இதைக் கொண்டு யாரும் எண்ணிவிடலாகாது. இன்று நெதர்லாந்தில் ஏறத்தாழ 90 லட்சம் கார்கள் ஓடுகின்றன. அதன் நெடுஞ்சாலைகள் நெரிசலுக்குப் பேர்போனவை. ஆனால் கார் வைத்திருப்பவருள்ளும் பலர் பக்கத்துக் கடைக்கு அதை எடுப்பதில்லை. எட்டு வயதுச் சிறுமி தனியே பள்ளிக்குச் செல்கிறாள்; எழுபது வயது மூதாட்டி சந்தைக்குச் சென்று திரும்புகிறாள்; கார் ஓட்டத் தெரியாதவனும் வாங்க முடியாதவனும் பிறர் தயவை எதிர்பாராமல் நகரம் முழுவதையும் அனுபவிக்கிறார்கள். நாட்டின் எல்லாப் பிரயாணங்களிலும் கால்பங்குக்கு மேல் சைக்கிளில் நிகழ்கின்றன. ஜனத்தொகை 1.7 கோடியைக் கடந்துவிட்ட பிறகும், சாலையில் மாண்டோர் தொகை அண்மை ஆண்டுகளில் 700-ஐ ஒட்டியே நிற்கிறது. 1971-இன் விகிதம் தொடர்ந்திருந்தால் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை ஆயிரம் வீடுகளில் இழவு விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கையில், மேலே சொன்ன நகரசபை விவாதங்களும், வாக்கெடுப்புகளும், தெருமுனைக் கல்லின் சரிவுங்கூட, உயிரைக் காத்த காரியங்களாகவே எனக்குத் தோன்றுகின்றன.

அந்த 700-இலும் ஒரு புதிய கவலை இருக்கிறது. 2017-இல் முதன்முறையாக, காரில் சென்று மாண்டோரைவிடச் சைக்கிளில் சென்று மாண்டோர் தொகை மிகுந்தது. அவர்களுள் பலர் மின்சார சைக்கிளில் செல்லும் முதியோர். மெதுவாகச் செல்வோருக்கென்று அகலம் கணக்கிட்டுப் போட்ட பாதைகளில் இப்போது வேகமான வண்டிகளும், சரக்கு ஏற்றிய சைக்கிள்களும், பள்ளிக் குழந்தைகளும் நெருக்கியடிக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் இதற்கும் பழைய முறையிலேயே, வேகமானதற்குத் தனி இடம் விடுவதைவிட வேகத்தைக் குறைப்பதிலேயே, பரிகாரம் தேடுகிறது. 2019 ஏப்ரலில் இலேசான மோட்டார் சைக்கிள்களை, வெளிவட்டச் சாலைக்கு உட்பட்ட பகுதியில், சைக்கிள் பாதையிலிருந்து வண்டிப் பாதைக்கு மாற்றினார்கள். 2023 டிசம்பரில், டிராமும் பஸ்ஸும் தாமதப்படும் என்ற ஆட்சேபத்துக்கு இடங்கொடுத்து அவற்றின் தனித்தடங்களை விலக்கிவிட்டு, நகரத்துத் தெருக்களில் பெரும்பாலானவற்றில் வேக வரம்பை 50 கிலோமீட்டரிலிருந்து 30-க்கு இறக்கினார்கள். கார் 30-இல் ஓடுமானால், வேகம் மிக்க மின்சார சைக்கிள்களும் அதனோடு வண்டிப் பாதையிலேயே செல்லலாமே, முதியோருக்கும் குழந்தைகளுக்கும் சைக்கிள் பாதையை விட்டுவிடலாமே என்பதுதான் இப்போது அங்கே நடக்கும் விவாதம்.